தோட்டத்துக் கணனி அறையும் ஒரு கருவிப் பெட்டியும்

எமது தோட்டப்புறங்களில் கணனி அறை ஒன்று திறந்து வைக்கப்படுவது இன்று புதுமையான நிகழ்ச்சியன்று. வாழை மரம் கட்டி, நாடா வெட்டி, பெயர்ப்பலகையின் திரையை விலக்கிப் படமெடுத்துக்கொண்டு பிரமுகர்கள் திரும்புகின்றனர். அதன் பின்னர் அந்த அறைக்கு என்ன நேர்கின்றது என்று பார்க்க வருபவர்கள் மிகச் சிலரே. ஈராண்டு கழித்துப் போனால் பத்துக் கணனிகளில் நான்கு மட்டும் இணையத்துடன் தொடர்பில் இருக்கும். ஏனையவை துணி போர்த்தி மூலையில் கிடக்கும். "மெஷின் பழுது" என்பார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் மெஷினில் ஒரு பழுதும் இராது. சுவரோரமாக ஓடும் கேபிளின் முனையில், ஒரு விரல் நுனியளவான பிளாஸ்டிக் பிளக்கில்தான் கோளாறு இருக்கும்.

இந்தச் சிறிய பிளக்கைப் பற்றியும் அதைப் பொருத்தும் கருவியைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். இலட்சக் கணக்கில் கணனி வாங்கித் தருகின்ற அமைப்புகள் பிளக்கையும் கேபிளையும் "இதர செலவு" என்ற தலைப்பின் கீழ் ஒதுக்கிவிடுகின்றன. எந்தக் கேபிள், எந்தப் பிளக் என்ற முடிவை நகரத்துக் கடைக்காரரே எடுக்கின்றார். அவர் எடுக்கும் முடிவு அவருடைய இலாபத்துக்கு ஏற்றதாக இருப்பதில் வியப்பில்லை. இந்த முடிவைத் தோட்டத்து இளைஞர்களே எடுக்க வேண்டும், அதற்கான அறிவும் கருவியும் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதே எமது வாதம்.

இணையத்தைக் கிராமத்துக்குக் கொண்டு போகும் முயற்சியில் எமது நாடு பின்தங்கி நின்றதாகச் சொல்ல முடியாது. 1990களின் இறுதியிலேயே யுனெஸ்கோவின் துணையுடன் கொத்மலை சமூக வானொலி, இணையத்தில் தகவல் தேடி நேயர்களுக்குச் சொல்லும் பணியைத் தொடங்கியிருந்தது. உலகின் பல பாகங்களிலிருந்தும் அதைப் பார்க்க வந்தார்கள். 2005 முதல் அரசாங்கத்தின் தகவல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அறிவகங்களை, அதாவது நெனசல நிலையங்களை, நாடெங்கும் திறந்தது. 2014இல் அத்திட்டத்துக்கு கேற்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர் விருதும் கிடைத்தது. ஆனால் அவ்வாறு திறந்தவற்றுள் எத்தனையோ பின்னர் பூட்டிக் கிடந்ததை நாம் கண்டிருக்கின்றோம். திறப்பதற்குப் பணம் இருந்தது. பழுது பார்ப்பதற்கு ஆள் இருக்கவில்லை.

அரநாயக்கப் பகுதியை எடுத்துக்கொள்வோம். மாவனல்லையிலிருந்தோ கேகாலையிலிருந்தோ ஒரு தொழில்நுட்பவியலாளர் மலைத் தோட்டமொன்றுக்கு வர வேண்டுமானால் அது அரை நாள் வேலை. முச்சக்கர வண்டிக் கூலி, சாப்பாடு, கைக்கூலி எல்லாம் சேர்த்தால் அவர் மாற்றிய பிளக்கின் விலையைப் போல் பல நூறு மடங்கு ஆகும். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. 2016 மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய கிராமங்களை மூடிய இடம் இது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதன் பிறகு கடும் மழை பெய்யும் ஒவ்வொரு இரவும் இம்மலைகளில் வாழ்பவர்கள் தூங்காத இரவுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை எந்த நிறத்தில் வந்திருக்கின்றது, பாதை திறந்திருக்கின்றதா என்று அறிய வேண்டிய அந்த நாட்களில்தான் பாதை மூடப்படும், கைத்தொலைபேசிக் கோபுரம் தடுமாறும், நகரத்து ஆளும் வரமாட்டார். இவை தவிரப் பரீட்சைப் பெறுபேறு, அடையாள அட்டை விண்ணப்பம், சேமலாப நிதி விவரம் என்று இன்று எத்தனையோ காரியங்கள் ஒரு கணனியின் முன்னால் அமர்ந்தே ஆக வேண்டியவையாகி விட்டன.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, "இப்போது எல்லாம் வைஃபைதானே, கேபிள் எதற்கு?" என்பது. இரண்டு மூன்று பேர் பாவிக்கும் வீட்டுக்கு அது சரி. ஒரே அறையில் இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாடம் ஒன்றைத் திறந்தால் அத்தனை பேரும் ஒரே காற்றலையைப் பங்கு போட வேண்டியிருக்கும். பழைய தோட்டக் கட்டடங்களின் தடித்த கருங்கற் சுவர்கள் அந்த அலையைத் தின்றுவிடும். கேபிள் வழி வருவது அந்தந்தக் கணனிக்கென்று தனியாக வருவது. பீலியில் எல்லோரும் குடத்தை நெருக்கி வைப்பதற்கும் வீட்டுக்கொரு குழாய் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது. 2025 ஜூலையில் எமது நாட்டில் சேவையைத் தொடங்கிய ஸ்டார்லிங்க் செய்மதி இணையமானாலும் சரி, நகரத்துக் கண்ணாடி இழை இணைப்பானாலும் சரி, கட்டடத்தின் வாசல் வரைதான் வரும். உள்ளே பகிர்வது எமது பொறுப்பு. இரண்டாவது மறுப்பு, "முனையில் பிளக் பொருத்திய கேபிளே கடையில் கிடைக்கின்றதே" என்பது. இதில் பாதி உண்மை உண்டு. கணனிக்கும் சுவருக்கும் இடையிலான ஒன்று, இரண்டு மீற்றர் துண்டுகளைக் கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம். தொழிற்சாலையில் வார்த்த பிளக்கைக் கையால் செய்த பிளக் வெல்லாது. ஆனால் அறையைச் சுற்றி ஓடும் பதினைந்து, இருபது, முப்பது மீற்றர் ஓட்டங்களை அளந்து வெட்டி, சுவரைத் துளைத்து இழுத்து, அதன் பின்னரே முனை கட்ட வேண்டும். பிளக் பொருத்திய கேபிளைத் துளைக்குள் நுழைக்க முடியாது. எலி கடித்தால் முழுவதையும் எறியவும் முடியாது.

முதலில் கேபிளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேபிள் பிழைத்தால் எவ்வளவு நல்ல பிளக்கும் பயன் தராது. சந்தையில் இருவகைப் பெட்டிகள் உண்டு. இரண்டிலும் 305 மீற்றர், இரண்டிலும் ஒரே பெரிய எழுத்துகள். ஒன்று முழுச் செம்பு. மற்றையது அலுமினியக் கம்பிக்கு மேலே மெல்லிய செம்பு போர்த்தியது, பெட்டியில் எங்கோ ஒரு மூலையில் "சி.சி.ஏ." என்று சிறிய எழுத்தில் இருக்கும், சில வேளை அதுவும் இராது. கேபிள் தொடர்பான உலகத் தரநிலைகள் செம்பையே கேட்கின்றன. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. அது மட்டுமாயின் சமாளிக்கலாம். அலுமினியக் கம்பி இரண்டு மூன்று தடவை வளைத்தால் முறியும். பிளக்கின் பல் குத்திய இடத்தில் செம்புப் போர்வை கிழிந்து, ஈரக் காற்றுப் பட்டு அலுமினியம் பூத்துவிடும். கம்பி வழியே மின்சாரமும் அனுப்புகின்ற கமெராக்களுக்கு இதைப் பாவித்தால் கேபிள் சூடேறும்.

எமது வட்டாரத்துத் தோட்டமொன்றில் நடந்ததைச் சொல்லுகின்றோம். உதவி அமைப்பொன்று கணனி அறை அமைத்துக் கொடுத்தது. கேபிளையும் பொருத்துவதையும் நகரத்துக் கடையொன்றிடம் ஒப்படைத்தது. இரண்டு மழைக்காலம் கடந்ததும் பத்தில் ஆறு கணனிகளுக்கு இணைப்பு இல்லை. ஆள் வந்தார், முனைகளை வெட்டிப் புதுப் பிளக் பொருத்தினார், கூலி வாங்கிக்கொண்டு போனார். நான்கு மாதத்தில் மீண்டும் அதே கதை. மூன்றாம் தடவை ஆளைக் கூப்பிடுவதற்கு முன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த ஒரு பெண் பிள்ளை சவர அலகால் கம்பியைச் சுரண்டிப் பார்த்தாள். மேலே செம்பு, உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர் யாராவது இருக்கின்றார்களா? கேபிளிலும் அதே அறிவுதான் வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள் முழுச் செம்புக் கேபிள் வாங்கித் தாமே மாற்றினார்கள். இன்று பத்தும் வேலை செய்கின்றன.

ஆகவே கேபிள் வாங்கப் போகின்றவர்கள் ஒரு சவர அலகைக் கொண்டு போகட்டும். கடைக்காரர் சுரண்ட விடவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் ஓரளவு தெரியும். செம்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனமானது. இன்னொன்று, "கேட் 6" என்ற பெயருக்கு மயங்க வேண்டாம். நூறு மீற்றர் வரை விநாடிக்கு 1,000 மெகாபிற் வேகத்தைக் "கேட் 5இ" கேபிளே சுமக்கும். எமது தோட்டத்துக்கு வருகின்ற இணைப்பு அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. பொய்யான கேட் 6ஐ விட உண்மையான கேட் 5இ எவ்வளவோ மேல். கேட் 6 தடித்தது, விறைப்பானது, கை பழகாதவர்களுக்குப் பிளக்கினுள் அடங்காது. உலோகத் தாள் சுற்றிய கேபிளையும் நாம் சிபாரிசு செய்வதில்லை. அந்த உறைக்கு ஒழுங்கான புவித்தொடுப்பு வேண்டும். எமது பழைய கட்டடங்களில் அதை நம்ப முடியாது.

இனிப் பிளக். ஆர்.ஜே.45 என்று கேட்டால் கடையில் கண்ணாடிப் பையில் நூறு பிளக் எடுத்து வைப்பார்கள். எல்லாம் ஒன்று போலத் தோன்றும், ஒன்றல்ல. சுவரோரம் ஓடும் கேபிளில் ஒவ்வொரு வயரும் அரை மில்லிமீற்றர் அளவான ஒற்றைக் கம்பி. கணனிக்கும் சுவருக்கும் இடையில் பாவிக்கும் வளையும் கேபிளில் அது பல மெல்லிய புரிகளால் ஆனது. ஒற்றைக் கம்பிக்கான பிளக்கின் தகட்டில் மூன்று பற்கள் இடமும் வலமுமாக விலகி நின்று கம்பியைக் கவ்விப் பிடிக்கும். புரி வயருக்கான பிளக்கில் பற்கள் நேராக இறங்கிப் புரிகளின் நடுவே குத்தும். இரண்டாவது வகையை ஒற்றைக் கம்பிக்குப் போட்டால் பல் கம்பியின் மேல் தொட்டுக்கொண்டு நிற்கும், அல்லது கம்பியை முறிக்கும். அன்று வேலை செய்யும். ஆறு மாதத்தில் விட்டுவிட்டு வரும். இத்தகைய நோயைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். பையின் மேல் எந்தக் கம்பிக்கு என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டுக்கும் பொருந்துமென்று எழுதியவற்றில் மூன்று பல் உள்ளவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். கேட் 6 கேபிளின் வயர்கள் தடித்தவை என்பதால் அதற்கு அதற்கெனச் செய்த பிளக்தான் வேண்டும்; கேட் 5இ பிளக்கினுள் அதைத் திணிக்கக் கூடாது.

தகட்டின் தங்க முலாமும் பார்க்க வேண்டியதொன்று. நல்ல பிளக்கில் 50 மைக்ரோ அங்குலம் என்று குறித்திருப்பார்கள். மலிவானவற்றில் தங்கத்தை நினைத்துக் கழுவிய அளவுதான் இருக்கும். கொழும்பில் குளிரூட்டிய அலுவலகத்தில் அதுவும் பல காலம் ஓடும். சுவரில் பூஞ்சணம் பிடிக்கின்ற எமது மலையில் ஓடாது. பிளக்குக்குப் பின்னால் போடும் இறப்பர் உறையையும் சேர்த்து வாங்குங்கள். அது அழகுக்கன்று. பிளக்கின் நாக்கு முறிவதைத் தடுப்பது அதுவே.

வயர்கள் பிளக்கின் முன்பக்கத்தால் வெளியே வந்து பின்னர் வெட்டப்படுகின்ற புதுவகைப் பிளக் ஒன்று இப்போது பரவலாக விற்கின்றது. நிற ஒழுங்கை அழுத்துவதற்கு முன்னரே பார்த்துச் சரி செய்யலாம் என்பதால் பழகுகின்றவர்களுக்கு அது வசதிதான். ஆனால் அதற்குத் தனிக் கருவி வேண்டும். கருவியின் அலகு மழுங்கினால் வெட்டிய நுனிகள் நீட்டிக்கொண்டு நின்று ஒன்றோடொன்று தொடும். மாவனல்லைக் கடைகளில் என்றும் கிடைப்பது சாதாரணப் பிளக். பழுதான அன்று கிடைக்காத பொருளால் பயனில்லை. எனவே எமது தெரிவு சாதாரணப் பிளக்.

கருவியின் முக்கியத்துவத்தை எமது மக்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. கவ்வாத்துக் கத்தி மழுங்கியிருந்தால் தேயிலைச் செடி என்னாகும் என்று அவர்களுக்குத் தெரியும். கேகாலை மாவட்டத்தின் இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுகின்றவர்களைப் பாருங்கள். கத்தி மேலாகப் போனால் பால் இல்லை. ஆழப் போனால் மரத்துக்குக் காயம். கேபிளின் வெளித்தோலை உரிப்பதும் அதே கைப்பழக்கம்தான். உள்ளே உள்ள வயரில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் பிறகு முறியும். பால்வெட்டும் தாயொருவர் முதல் தடவையிலேயே கீறலின்றி உரித்ததை நாம் கண்டிருக்கின்றோம். அவருடைய மகனுக்கு நான்கு தடவை தேவைப்பட்டது.

அழுத்தும் கருவியைக் கிரிம்பிங் டூல் என்றே எல்லோரும் சொல்லுகின்றார்கள். மிக மலிவானது தகரத்தில் செய்தது. ஒரு பக்கம் கீல் உள்ளதால் அந்தப் பக்கத்துத் தகடுகள் ஆழமாகவும் மறுபக்கத்தவை மேலாகவும் இறங்கும். எட்டாவது தகடு சரியாக இறங்காமல் போனதென்று பலர் குறைப்படுவது இதனாலேயே. உருக்குச் சட்டம் கொண்டதும், பிளக்கை நேராக அழுத்துவதும், முழு அழுத்தம் முடியும் வரை பிடியை விடாத பற்சக்கரம் உள்ளதுமான கருவியை வாங்க வேண்டும். பற்சக்கரம் இருந்தால் மெலிந்த கையும் வலிய கையும் ஒரே அழுத்தத்தையே தரும். பெண் பிள்ளைகள் இந்த வேலைக்குச் சரிவர மாட்டார்கள் என்கின்ற வாய்களுக்கும் அது பதில். இத்தகைய கருவியின் விலை கொழுந்து பறிக்கும் பெண்ணொருவரின் பல நாட் சம்பளம். நாட் சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்களிடம் இதை வாங்கச் சொல்ல முடியாது. கணனி தருகின்ற அமைப்பு ஒரு கணனியைக் குறைத்துக்கொண்டு இதைத் தரட்டும் என்கின்றோம்.

நிற ஒழுங்கைக் கரும்பலகையில் எழுதி வைத்தல் நன்று. பிளக்கின் நாக்கு கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். இரு முனையிலும் இதே ஒழுங்கு. பச்சைச் சோடியை ஏன் நீலச் சோடியின் இருபுறமும் பிரித்து வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். மூன்றாம் ஆறாம் கால்கள் ஒரே சோடியாக இருக்க வேண்டுமென்பது தரநிலை. முறுக்கிய இரு வயர்களும் ஒன்றின் இரைச்சலை மற்றது தணித்துக்கொள்ளும். இதைப் புரியாமல் "இரு முனையும் ஒன்றாக இருந்தாற் போதும்" என்று சோடி சோடியாக அடுக்குபவர்கள் உண்டு. எட்டு விளக்கு எரிகின்ற சிறிய டெஸ்டரில் வைத்தால் ஒன்று முதல் எட்டு வரை ஒழுங்காக எரியும். கணனியில் போட்டால் இணைப்பு இழுபடும், நீண்ட ஓட்டத்தில் நின்றே போகும். டெஸ்டர் கம்பி தொடர்கின்றதா என்று மட்டும் சொல்லும். முறுக்குச் சரியா என்று சொல்லாது. ஆதலின் டெஸ்டரை வாங்குங்கள், ஆனால் கண்ணையும் பாவியுங்கள். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. கேபிளின் வெளித்தோலும் பிளக்கினுள் நுழைந்து ஆப்பின் கீழ் அகப்பட வேண்டும். தோல் வெளியே நின்றால் பிள்ளைகள் இழுக்கும் இழுவை முழுவதும் எட்டு மெல்லிய கம்பிகளின் மேல்தான் விழும்.

கை பழகிய பின்னர், சுவரோரக் கேபிளின் முனையில் பிளக் போடுவதை விட்டுச் சுவர்ச் சொக்கெட்டில் முடிப்பது இன்னும் சிறப்பு. நூறு மீற்றர் என்ற எல்லையையே சுவருக்குள் 90, வெளித் துண்டுகளுக்கு 10 என்றுதான் கணக்கிடுகின்றார்கள். வயரைச் சொக்கெட்டில் இறக்குகின்ற கருவி அதிக விலையில்லை. எலிக்காகக் குழாயினுள் கேபிளை விட வேண்டும். ஆனால் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளியே செம்புக் கேபிளை இழுப்பதை மட்டும் எவரும் செய்ய வேண்டாம். சப்ரகமுவவில் ஏப்பிரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் எப்படியென்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கேபிள் மின்னலை அறைக்குள் அழைத்து வரும். கட்டடங்களுக்கிடையே கண்ணாடி இழையோ வைஃபையோதான் தகும். முகில் கறுத்தால் சுவிட்சையும் வெளியிலிருந்து வரும் இணைப்பையும் கழற்றி வைக்க வேண்டும்.

முறுக்கிய வயரில் ஈதர்நெட் ஓடுவதற்கான தரநிலை வந்தது 1990இல். கணனிகள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன. எட்டுக் கால் பிளக் மாறவில்லை. இன்று இதைக் கற்கின்ற பிள்ளைக்குத் தோட்டத்துக்கு வெளியேயும் இந்தக் கைவேலைக்குக் கூலி உண்டு. கடைகள், வங்கிகள், ஹோட்டல்கள், கமெரா பூட்டுகின்றவர்கள் எல்லோருக்கும் இந்த ஆள் வேண்டும். 2020, 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது சிக்னல் தேடி மலைக்கும் மரத்துக்கும் ஏறிய பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்பைத் தாண்டிக்கொண்டிருக்கின்றார்கள். அவர்களுள் தோட்டத்துக்கு இருவர், அதில் ஒருவர் பெண்ணாக, இரண்டு சனிக்கிழமை ஒதுக்கினாற் போதும். நூறு பிளக் வாங்கினால் முப்பது பழகுவதில் வீணாகும் என்பதைக் கணக்கில் எழுதியே வைக்கலாம்.

கருவிப் பெட்டியின் சாவி எவரிடம் என்பதும் ஒரு கேள்வி. அலுவலகத்தில் பெரிய கிளாக்கரிடம் வைத்தால் பத்திரமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பழுதானால் திங்கள் வரை காத்திருக்க வேண்டும், கேட்கப் போகின்ற பிள்ளையும் வாசலில் நிற்க வேண்டும். வேலை செய்கின்ற இருவரிடமே சாவி இருக்கட்டும். பெட்டியில் கருவி, பிளக், உறை, டெஸ்டர், உதிரி அலகு, எந்தக் கேபிள் எந்தக் கணனிக்குப் போகின்றது என்று எழுதிய கொப்பி ஆகியன இருந்தாற் போதும். ஈரம் உறிஞ்ச ஒரு துணிப் பையில் கொஞ்சம் கரியைக் கட்டிப் போடலாம். டெஸ்டரின் 9 வோல்ட் மின்கலத்தை மட்டும் வேலை முடிந்ததும் கழற்றித் தனியே வைக்க வேண்டும். மழை மாதங்களில் அது கசிந்து டெஸ்டரையே தின்றுவிடும்.